குளியல் மறைப்பில் தொங்கிய மன்னர்

போன வாரம் பழைய கம்பெனியிலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். மனிதவளப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாளாம். உள்விசாரணைகளை இனிமேல் வெளி நிறுவனம் ஒன்றிடம் கொடுத்துவிட்டார்களாம். அவர்கள் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு வீடியோவில் விசாரித்து அறிக்கை அனுப்பிவிடுவார்களாம். "நீங்க பாத்த பழைய கேஸ் நாலஞ்சு எழுதிக் குடுங்க சார், அவங்களுக்கு ட்ரெயினிங்குக்கு ஆகும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கத் தெம்பில்லை. வேலைக்காலம் முழுக்க மற்றவர்கள் சண்டையைக் கேட்டே காது மந்தமாகிவிட்டது. படப்பையில் என் வீட்டு வாசலில் ஷேர் ஆட்டோக்காரர்கள் போடும் கூச்சல்கூட இப்போது பாதிதான் விழுகிறது. நாலைந்தெல்லாம் முடியாது, ஒன்று எழுதித் தருகிறேன் என்றேன். பயிற்சிக்கு ஆகுமா என்று எனக்குத் தெரியாது.

நான் படித்தது எம்.ஏ. வரலாறு. சோழர், பாண்டியர், பல்லவர் என்று ராத்திரி பகலாக உருப்போட்டேன். அதை வைத்துக்கொண்டு ஒரு வேலையும் கிடைக்கவில்லை. மாமா ஒருவர் சொன்னாரே என்று தொழிலாளர் நலச் சட்டத்தில் ஒரு டிப்ளமா முடித்தேன். அம்பத்தூரில் கொஞ்ச காலம் இருந்தேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஃபாக்டரிகள் வந்தபோது இருங்காட்டுக்கோட்டை அருகே கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தொழிலாளர் நல அலுவலராகச் சேர்ந்தேன். சோழர் கால நிலவரி பற்றிக் கட்டுரை எழுதியவன் கேன்டீன் சாம்பாரில் பல்லி கிடந்த புகாரை விசாரிக்க ஆரம்பித்தேன். அங்கேயே ஓய்வும் பெற்றேன்.

விசாரணை அறை கேன்டீனுக்குப் பின்னால் இருந்தது. ஒரு நீள மேஜை, மேலே ஒரு மின்விசிறி. புகார் கொடுத்தவர் ஒரு பக்கம் உட்காருவார், மறுதரப்பு எதிரே. அவரவருக்குத் துணையாக ஒரு சக தொழிலாளி வரலாம். தண்ணீர் எவர்சில்வர் டம்ளரில்தான் வைப்பேன். கண்ணாடி டம்ளர் வைத்து ஒருமுறை நன்றாகவே அனுபவப்பட்டிருக்கிறேன். முதல் கேள்வி யாராக இருந்தாலும் "சாப்டாச்சா?" என்பதுதான். வெறும் வயிற்றோடு வந்தவன் பேசினால் அவன் பேசுகிறானா பசி பேசுகிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதுவேன், உரக்கப் படித்துக் காட்டுவேன், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குவேன். கடைசியாக "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்பேன். கேட்டுவிட்டு உடனே பேனாவை மூடக் கூடாது. பெங்களூர்க்காரர்கள் இதை மட்டுமாவது தெரிந்துகொண்டால் போதும்.

இனி மன்னர் விஷயம். எங்கள் ஃபாக்டரியில் ஆபரேட்டர், டிரெய்னி எல்லாரும் பெரும்பாலும் தெற்கத்திப் பையன்கள். தஞ்சாவூர்ப் பக்கம், திருநெல்வேலிப் பக்கம் என்று வந்து, ஒரு அறைக்கு ஏழெட்டுப் பேராக வாடகைக்கு இருந்தார்கள். ஃபாக்டரிக்குள் எவனும் தன் சாதியை வாய்விட்டுச் சொல்லமாட்டான். சொன்னால் வேலை போகும் என்று தெரியும். அதற்குப் பதிலாக ஒரு ராஜா பெயரைச் சொல்வான். இரும்புத் தகட்டை அழுத்தி வார்க்கும் பிரஸ் ஷாப்பில் இருந்த ஒரு கூட்டம் ஒரு சோழ மன்னரைத் தங்கள் பாட்டன் என்றது. அசெம்ப்ளி லைனில் இருந்த இன்னொரு கூட்டம் ஒரு பாண்டிய மன்னரைத் தங்கள் முப்பாட்டன் என்றது. மன்னர்களின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இந்தக் கட்டுரைக்கே தனியாக ஒரு விசாரணை வைக்க வேண்டிவரும்.

வரலாறு படித்தவன் என்பதால் எனக்கு இது ஆரம்பத்தில் வேடிக்கையாக இருந்தது, போகப்போக அலுப்பாகிவிட்டது. அந்த ராஜாக்கள் கல்வெட்டில் தங்கள் வெற்றியை மூச்சுவிடாமல் சொல்வார்கள். எந்த ஊரை எரித்தோம், எவன் முடியைப் பறித்தோம் என்று அடுக்குவார்கள். தோற்றவன் அரண்மனையை இடித்து, அந்த இடத்தில் கழுதையை ஏரில் பூட்டி உழுததைக்கூடப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட காலம் அது. ஆனால் தன் முகம் எப்படி இருந்தது என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. கோயில்களில் ராஜா என்று காட்டுகிற சிலைகள்கூட யாருடையவை என்று அடித்துச் சொல்ல முடியாது. இதை ஒருமுறை கேன்டீனில் பையன்களிடம் சொன்னேன். "உங்களுக்கு எங்க மேல என்னங்க சார் கோவம்?" என்று கேட்டார்கள். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தால் ஒவ்வொரு லைனும் தன் மெஷினை ஜோடிக்கும். வாழைக்கன்று, மாவிலை, பொரி, கடலை, சந்தனம், திருஷ்டிப் பூசணிக்காய். அந்த வருஷம் சரஸ்வதி படத்துக்கு இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு ராஜாக்கள் வந்து நின்றார்கள். பிரஸ் ஷாப்பில் சோழர், அசெம்ப்ளியில் பாண்டியர். இரண்டு பிளக்ஸும் சுங்குவார்சத்திரத்தில் ஒரே கடையில் அடித்தவை. கடைக்காரரிடம் இருந்தது ஒரே ஒரு ராஜா முகம். முறுக்கு மீசை, காதில் குண்டலம், தலையில் கிரீடம், முழங்கால் வரைக்கும் நகை. கேட்கிறவருக்கு ஏற்றபடி பின்னணி நிறத்தையும் மேலே உள்ள பெயரையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு திரிந்ததால் அடுத்தவன் பிளக்ஸ் பக்கத்தில் யாரும் போய்ப் பார்க்கவில்லை. நானும் பொரியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பூஜை முடிந்தால் பழைய பிளக்ஸ் எல்லாம் துப்புரவு வேலை செய்யும் பெண்களுக்குப் போகும். இது எந்த உத்தரவிலும் கிடையாது, வழக்கம். கூரை ஒழுகினால் மேலே போடுவார்கள், வடகம் காயவைப்பார்கள், ஆட்டுக்கொட்டகைக்குத் தடுப்பு கட்டுவார்கள். கம்பெனியின் பாதுகாப்பு வார விளம்பரம் பல வருஷம் யார் யார் வீட்டிலோ மழையைத் தாங்கியிருக்கிறது. அந்த வருஷம் ஒரு ராஜா பிளக்ஸ் அமலாவின் பங்குக்கு வந்தது.

அமலா ஒப்பந்தக்காரர் மூலம் வந்த துப்புரவுத் தொழிலாளி. நாற்பது வயதைத் தாண்டியவள். பக்கத்து ஊர்தான். அவளுடைய மாமனார் வகை நிலம் இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடிக் கட்டடங்கள், அதில் வாடகைக்கு எங்கள் பையன்கள். நடுவில் அவள் வீடு மட்டும் தாழ்வாக, ஓடு போட்டு இருந்தது. புருஷன் ஆட்டோ ஓட்டுகிறவர். ஒரே பெண், காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் மூன்று பக்கம் கீற்று வைத்துக் கட்டிய குளிக்கிற இடம் ஒன்று உண்டு. நாலாவது பக்கத்துக்குக் கதவு இல்லை. அமலா பிளக்ஸை அளவுக்கு வெட்டி அங்கே தொங்கவிட்டாள். நீளமாக இருந்த மேல்பகுதியை வெட்டிக் கோழிக்கூண்டு மேல் போட்டாளாம், அது காற்றில் போய்விட்டது. மன்னரின் பெயர் இருந்தது அந்த மேல்பகுதியில்தான். மிச்சம் வெயிலில் வெளுத்து, பின்னணி என்ன நிறம் என்றே தெரியாமல் போனது.

பொங்கல் கழிந்து ஒரு காலையில் அசெம்ப்ளி லைன் டிரெய்னி இசக்கி, தான் தங்கியிருந்த கட்டடத்தின் மாடிப்படியில் நின்று பல் தேய்த்திருக்கிறான். கீழே பார்த்தால் முப்பாட்டன். போனில் ஒரு படம் எடுத்துத் தங்கள் குரூப்பில் போட்டான். மதியத்துக்குள் அந்தப் படம் எல்லாக் குரூப்பிலும் சுற்றிவிட்டது. பிரஸ் ஷாப்காரர்கள் பார்த்தார்கள். அவர்களுக்கு அது தங்கள் பாட்டனாகத் தெரிந்தது. சாயங்காலம் என் மேஜையில் இரண்டு புகார்கள் இருந்தன. இரண்டிலும் ஒரே வாசகம்: எங்கள் மன்னரை இழிவுபடுத்திய பெண்மணியை உடனே வேலையிலிருந்து நீக்க வேண்டும், இல்லாவிட்டால் யாரும் ஓ.டி. பார்க்கமாட்டோம்.

அந்த மாதம் ஏற்றுமதிக்குப் பெரிய சரக்கு ஒன்று போக வேண்டியிருந்தது. பொது மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

அவர் கெட்டவர் அல்ல. கழுவுற மீனில் நழுவுற மீன். குரலை உயர்த்தமாட்டார், எதையும் எழுத்தில் தரமாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி டையின் நுனியால் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் எதிரே நிற்பவன் அவர் மனசில் இருப்பதைப் புரிந்துகொண்டு, தானாகத் தோன்றியதுபோலச் சொல்லிவிட வேண்டும். பிறகு அவர், "நீங்க சொல்றதும் சரிதான்" என்பார். ஏதாவது வம்பு வந்தால் சொன்னவர்கள் நாமாகிவிடுவோம். இத்தனை வருஷத்தில் இந்த வித்தையை நான் நன்றாகப் பழகிவைத்திருந்தேன். அன்றைக்கு அவர் கண்ணாடியைத் துடைத்தார், நான் சுவரில் இருந்த உற்பத்தி வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி துடைத்தார். கடைசியில் அவரே வாயைத் திறக்க வேண்டியதாயிற்று.

"வரதன், கான்ட்ராக்ட் ஆளுதானே? கேட் பாஸை வாங்கிக்கிட்டு கான்ட்ராக்டர்கிட்ட சொல்லிட்டா முடிஞ்சுது. க்ளோஸ் பண்ணுங்க."

அவர் சொன்னது நடைமுறையில் சரி. நிரந்தரத் தொழிலாளி என்றால் குற்றச்சாட்டு மடல், பதில், விசாரணை என்று எத்தனையோ படி ஏற வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஒப்பந்தக்காரருக்கு ஒரு போன் போட்டால் மறுநாள் வேறொரு பெண் துடைப்பத்தோடு வந்து நிற்பாள். அமலாவின் கேட் பாஸ் போனால் இந்த வட்டாரத்தில் வேறு எந்த ஃபாக்டரியிலும் சேர்க்கமாட்டார்கள். ஒப்பந்தக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிவைத்துக்கொள்வார்கள். பெண்ணின் படிப்பு அந்தக் கேட் பாஸில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"சார், ரெண்டு புகார் வந்திருக்கு. ரெண்டு பேரும் ஒரே படத்தை எங்க ராஜான்னு எழுதியிருக்காங்க. யார் புகாரை ஏத்துக்கிட்டு அனுப்பினோம்னு நாளைக்கு இன்னொருத்தன் கேட்டா?" என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அது அவருக்கு உறைத்தது. "ரெண்டு நாள்ல முடிங்க" என்றார். நான் அதற்கு 'முதற்கட்ட விசாரணை' என்று பெயர் வைத்தேன். அமலாவைக் குற்றம் சாட்டப்பட்டவளாகப் போடாமல் சாட்சியாகப் போட்டேன். சாட்சியைப் பேசவிடாமல் வெளியே அனுப்ப முடியாது.

இசக்கி அனுப்பிய படத்தை என் போனிலிருந்து அச்செடுத்துக் கோப்பில் சேர்த்தேன். பொது மேலாளர் கேட்டார் என்று அவருக்கும் அனுப்பினேன்.

விசாரணைக்கு அசெம்ப்ளி சார்பில் இசக்கி வந்தான். பிரஸ் ஷாப் சார்பில் கலையரசன் என்று ஒரு தஞ்சாவூர்ப் பையன், நிதானமாகப் பேசுகிறவன். துணைக்கு ஆளுக்கொரு தொழிலாளி. அமலா சீருடையோடு கதவோரம் இருந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். துடைப்பானை வெளியே சாத்திவிட்டு வந்திருந்தாள்.

எல்லோரையும் சாப்டாச்சா என்று கேட்டுவிட்டு ஆரம்பித்தேன்.

"இது எங்க ராசா சார்" என்றான் இசக்கி. "அந்த மீசைய பாருங்க. பாத்தாலே தெரியும்லா. அவிய மொகத்த கொண்டுபோயி குளிக்க எடத்துல தொங்கவிட்ருக்காவ. பாத்துட்டு சும்மா இருக்கச் சொல்லுதியளா?"

"இல்லைங்க சார்" என்றான் கலையரசன். "மீசை எல்லாருக்கும்தாங்க இருக்கும். குண்டலத்தைப் பாருங்க. அது எங்க மன்னருதுங்க."

அமலாவைக் கேட்டேன்.

"எனக்கு இன்னா சார் தெரியும்? மீச வெச்சிகினு ஒரு ஆளு. எலக்‌ஷன்ல நிக்கிறவரு யாரோன்னு நெனச்சிகினேன்."

"கிரீடம் இருந்துச்சேம்மா?"

"இப்போல்லாம் வார்டு மெம்பரே கிரீடம் வெச்சிகினு தான் சார் பேனர்ல நிக்கிறாரு."

துணைக்கு வந்த தொழிலாளி ஒருவன் சிரித்துவிட்டான். இசக்கி அவனை முறைத்தான். ஆயுத பூஜைக்குக் கம்பெனி போட்டோகிராபர் எடுத்திருந்த இரண்டு பிளக்ஸ் படங்களையும் அருகருகே வைத்தேன். ஒரே மீசை, ஒரே குண்டலம், ஒரே நெற்றிச் சுருக்கம். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள். உங்கள் முப்பாட்டனும் அவர்கள் பாட்டனும் சுங்குவார்சத்திரத்தில் ஒரே கடையில் பிறந்தவர்கள் என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

"சரி, ஒரு படம் ரெண்டு ராஜாவா இருக்க முடியாது. யாரோ ஒருத்தருதுதான். யாருதுன்னு சொல்றீங்களோ அவங்க கையெழுத்துப் போடுங்க. 'எங்கள் மன்னர் இன்னார் வீட்டுக் குளியல் மறைப்பாகத் தொங்கினார்'னு எழுதி, விசாரணை முடிவை நோட்டீஸ் போர்டுல போட்டுடறேன்."

கலையரசன் பேனாவை வாங்கவில்லை. இசக்கி தண்ணீர் குடித்தான்.

"இப்ப நல்லாப் பாத்தா அவங்க ஆளு மாதிரித்தாங்க சார் இருக்கு" என்றான் கலையரசன்.

"ஏன், ஒங்க ஆளா இருக்கப்பிடாதோ?" என்றான் இசக்கி.

காலையில் இரண்டு பேருக்கும் சொந்தமாக இருந்த ராஜா மதியத்துக்குள் அநாதையாகிவிட்டார். விஷயம் இதோடு போகும் என்று நினைத்தேன். நான் இந்த வேலையில் இத்தனை காலம் இருந்தும் அப்படி நினைத்திருக்கக் கூடாது. இரண்டு பையன்களும் வெளியே போய் அவரவர் ஆட்களிடம் பேசிவிட்டு வந்தார்கள். ராஜா யாருடையவராக இருந்தாலும் ராஜா ராஜாதானாம். ஒரு துப்புரவுக்காரி ராஜாவைக் குளிக்கிற இடத்தில் தொங்கவிட்டது பொதுவான அவமானமாம். அவளை அனுப்பிவிட்டால் இரண்டு தரப்பும் ஓ.டி.க்கு வந்துவிடுமாம். யாருடைய ராஜா என்பதில் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒத்துப்போனார்கள். இந்தச் சேதி அறைக்கு வருவதற்கு முன்பே பொது மேலாளருக்குப் போயிருந்தது. இன்டர்காமில், "பரவால்லையே வரதன், காம்ப்ரமைஸ் ஆயிடுச்சாமே" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் ஓய்ந்துபோயிற்று. கையில் இருந்த ஒரே சாமர்த்தியத்தையும் காட்டிவிட்டேன். இனி எழுத வேண்டியதை எழுதிக் கையெழுத்து வாங்குவதுதான் பாக்கி. அமலா சொன்னதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் தலையாட்டினாள். பழக்க தோஷத்தில் கேட்டேன்.

"வேற ஏதாவது சொல்லணுமாம்மா?"

நான் பேனாவை மூடவில்லை. அவள் எழுந்து மேஜைக்கு வந்தாள். அதுவரை அவள் அந்தப் படத்தின் பக்கத்தில் வரவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ராஜாவ வுடு சார். அவருக்குக் கீழ பாரு."

பார்த்தேன். பிளக்ஸ் தரை வரை எட்டவில்லை, கீழே கொஞ்சம் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில், ஈரத் தரையில், இரண்டு கால்கள் தெரிந்தன. ஒன்றில் கொலுசு மின்னியது.

"என் பொண்ணு" என்றாள்.

அந்தப் படத்தை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். மீசையைப் பார்த்தேன், குண்டலத்தைப் பார்த்தேன், பெயர் வெட்டுப்பட்ட ஓரத்தைப் பார்த்தேன். இந்தக் கால்களைப் பார்க்கவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"காலேஜ் போற பஸ்ல எவனோ போன்ல காட்டி சிரிச்சிகினு இருந்தானாம். எட்டிப் பாத்துக்கீது. அது கொலுசு அதுக்குத் தெரியாதா? அன்னைலேர்ந்து காலேஜுக்குப் போகல. சோறும் துன்னல."

இசக்கி எழுந்து நின்றுவிட்டான். "சத்தியமா நான் கால பாக்கல சார். எக்கா, சத்தியமா ராசாவத்தான் பாத்தேன்."

"தெரியும் தம்பி" என்றாள் அமலா. குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "நீ பாக்கல. அதத்தான் நானும் சொல்றேன். உன் ஃப்ரெண்டுங்க யாரும் பாக்கல. இந்த சாரு பேப்பர்ல அச்சடிச்சி வெச்சிகினு பாத்துகினே கீறாரு, அவரும் பாக்கல."

கலையரசன் தன் புகாரை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். புகாரை அப்படித் திரும்ப எடுத்துக்கொள்ள விதியில் இடமில்லை. நான் தடுக்கவில்லை. இசக்கி தன்னுடையதை அங்கேயே கிழித்தான். இனி இது போலீஸ் வரை போகக்கூடிய விஷயம் என்று தெரிந்ததும் பொது மேலாளர் இன்டர்காமில் ஒரே வார்த்தைதான் சொன்னார். "க்ளோஸ்."

"உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதும்மா. கேட் பாஸ் உன்கிட்டயே இருக்கட்டும்" என்றேன். நல்ல சேதி சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

"அது இருக்கட்டும் சார். படம்?"

படத்துக்கு நான் என்ன செய்ய முடியும்? தொழிலாளியின் சொந்தப் போனில் கம்பெனி கை வைக்க முடியாது. ஒரு சுற்றறிக்கை போடலாம், அதைப் படித்துவிட்டுப் பார்க்காதவனும் தேடிப் பார்ப்பான். போலீசுக்குப் போகலாம் என்றேன். "போனா அங்கயும் நாலு பேரு பாப்பாங்க" என்றாள். இதற்கெல்லாம் என் நடைமுறையில் இடமில்லை என்று அவளிடம் சொன்னேன். சொல்லும்போதே அசிங்கமாக இருந்தது.

மறுநாள் தன் சூப்பர்வைசரிடம் கேட்டு ஷிஃப்ட் மாறுகிற நேரத்துக்குக் கேட் பக்கம் டியூட்டி வாங்கிக்கொண்டாள். எங்கள் ஃபாக்டரியில் தொழிலாளிகள் போனை உள்ளே கொண்டுபோக முடியாது. கேட் அருகே சுவர் முழுக்கச் சின்னச் சின்ன அறைகள், அதில் வைத்துப் பூட்டிவிட்டு வர வேண்டும். ஷிஃப்ட் விட்டதும் பையன்கள் சோற்றைக்கூட மறந்துவிட்டு அங்கேதான் ஓடுவார்கள். அமலா தரை துடைக்கும் துடைப்பானைப் பிடித்துக்கொண்டு அந்தச் சுவர் முன்னால் நின்றாள்.

"தம்பி, போனை எடு. அந்தப் படத்த அழி."

"எங்கிட்ட இல்லக்கா."

"காட்டு."

காட்டினான். இருந்தது. அழித்தான்.

"குப்பைத்தொட்டின்னு ஒண்ணு கீதாமே, அதுக்குள்ள போ. அங்கயும் அழி. என் பொண்ணு சொல்லி அனுப்பிச்சிது."

ஒவ்வொருவனாக நிறுத்தினாள். சத்தம் போடவில்லை, திட்டவில்லை, துடைப்பானை ஓங்கவும் இல்லை. முதல் நாள் சிலர் நழுவப் பார்த்தார்கள். இசக்கி வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். "ஏல, எங்க போற? இங்க வால. அக்கா கேக்காவள்ல?" என்று தன் கூட்டத்து ஆட்களைப் பிடித்துப் பிடித்து நிறுத்தினான். மறுநாள் கலையரசன் பிரஸ் ஷாப் பையன்களை வரிசையாகவே கூட்டிக்கொண்டு வந்தான். மன்னர் பரம்பரை முழுக்க ஒரு துப்புரவுக்காரி முன்னால் தலையைக் குனிந்துகொண்டு போனைத் தட்டியது. செக்யூரிட்டி என்னிடம் வந்து, "கூட்டம் சேருது சார், இன்னா பண்றது?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி அனுப்பினேன். வெளியே போன படங்கள் போனதுதான், அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. கண்ணுக்கு முன்னால் வருகிறவனை நிறுத்தினாள்.

அந்த வாரக் கடைசியில் என் அறைக்கு வந்தாள். நான் விசாரணை முடிவறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். கோப்பு திறந்திருந்தது, அச்செடுத்த படம் மேலேயே இருந்தது.

"உன் போன்ல கீதே சார்."

ஆதாரத்தை அழிக்கக் கூடாது என்பது விசாரணையின் முதல் பாடம். எத்தனையோ பேருக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். போனை எடுத்தேன். அழித்தேன். அவள் சொல்வதற்கு முன்பே குப்பைத்தொட்டிக்குள் போய் அங்கேயும் அழித்தேன். கோப்பில் இருந்த தாளை உருவி அவளிடம் கொடுத்தேன். அவள் அதைப் பார்க்காமலே சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆனால் போகவில்லை.

"வேற யாருக்கு அனுப்ச்ச?"

என் கண் தானாக மேல்மாடிப் பக்கம் போயிற்று.

"வா சார்" என்றாள்.

படியேறும்போது எனக்கு மூச்சு வாங்கியது. அவள் முன்னால் போனாள். இத்தனை வருஷத்தில் அந்த மாடித் தரையைத் துடைத்திருக்கிறாளே தவிர, அந்தக் கதவைத் தட்டியதில்லை. தட்டினாள். பொது மேலாளர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், டையின் நுனியைத் தேடிப் பிடித்துத் துடைத்தார். நான் எதையும் அவருக்காகச் சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனை எடுத்துத் திறந்து, மேஜையின் இந்தப் பக்கத்துக்குத் தள்ளினார்.

"எடுத்துக்கோங்கம்மா. நீங்களே அழிச்சுடுங்க" என்றார்.

அமலா போனைத் தொடவில்லை. துடைப்பானைச் சுவரில் சாத்திவிட்டு, அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

"நீங்க அழிங்க சார். நான் பாக்குறேன்."